குழாய் முனையும் கடற்கழியும்

மும்பை மாநகரின் கிழக்கு ஓரத்தில், செம்பூருக்கும் மான்குர்துக்கும் இடையே கோவண்டி அமைந்துள்ளது. ரயிலில் செல்வோர் கண்ணுக்கு அங்கே முதலில் தென்படுவன நெருங்கிய குடியிருப்புகளே. அவற்றின் பின்னே, 1927ஆம் ஆண்டு முதல் நகரத்தின் குப்பையை ஏற்று மலையென வளர்ந்துவிட்ட தேவ்னார் மேடு நிற்கிறது. மேட்டிற்கு அப்பால் அலையாத்திக் காடு. அதற்கும் அப்பால் தாணே கழி. நாள்தோறும் இருமுறை கடல் அக்கழியினுள் ஏறி வருகிறது. இருமுறை இறங்கிச் செல்கிறது.

இவ்வாறு இறங்கும் நீர் தன்னுடன் அழுக்கையெல்லாம் கொண்டுபோய்விடும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. பாமரர் மட்டுமன்றி விதிகளை வகுப்போரும் இந்நம்பிக்கைக்கு ஓரளவு இடங்கொடுத்துள்ளனர். ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் முனையில் அளந்து பார்த்து, குறித்த அளவுக்குள் இருப்பின் போதும் என்று அமைதி கொள்வது வழக்கமாகிவிட்டது. குழாய் முனையில் காணும் எண் கழியின் நலத்தைக் கூறுவதாகாது. கழியின் நலத்தை அறியக் கணித மாதிரி வேண்டும். அக்கணித மாதிரி மெய் பேசக் களத்தில் எடுத்த அளவுகள் வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் வழங்கப்படும் வெளியேற்ற அனுமதி, கொள்ளளவு அறியாத பாத்திரத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.

இடத்தின் இயல்பு

தாணே கழி ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுடையது. தெற்கே மும்பைத் துறைமுக விரிகுடாவை நோக்கி அகன்று திறந்துள்ளது. வடக்கே குறுகிச் சென்று, உல்ஹாஸ் ஆற்றுடன் ஒடுங்கிய கால்வாயால் மட்டுமே இணைந்துள்ளது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைநீர் கழியை அலசுகிறது. எஞ்சிய எட்டு மாதங்களில் அதனுள் இறங்கும் நன்னீர் மிகச் சொற்பம். அக்காலத்தில் கழியைத் தூய்மை செய்யும் பொறுப்பு முழுவதும் கடல் ஓதத்தையே சார்ந்தது.

அந்த ஓதமும் என்றும் ஒரே வலிமை உடையதன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பேரோதத்தில் மும்பைக் கரையில் நீர்மட்டம் 4 மீட்டருக்கும் மேலாக ஏறி இறங்குவதுண்டு. அஷ்டமியை ஒட்டிய சிற்றோதத்தில் அது 2 மீட்டருக்கும் குறைகிறது. மீனவர்க்கு இது பரம்பரை அறிவு. ஆனால் வெளியேற்ற அனுமதிகளில் அமாவாசைக்கும் அஷ்டமிக்கும் வேறுபாடு கிடையாது.

இக்கழியின் மேற்குப் பக்கத்தில், மாஹுல், டிராம்பே பகுதிகளில், 1950-களின் நடுவில் இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஓர் அனல் மின் நிலையமும் எழுந்தன. 1965-இல் உர ஆலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கியது. 1962-இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டபின், கழியின் கிழக்குக் கரையில் தாணே-பேலாப்பூர்த் தொழிற்பேட்டை வளர்ந்தது. இவற்றோடு நகரின் சாக்கடை நீரும், குப்பை மேட்டிலிருந்து கசியும் நீரும் இதே கழியையே நாடுகின்றன. மாஹுலிலும் டிராம்பேயிலும் கோலி மீனவர் இன்றும் படகு வைத்திருக்கின்றனர். எனவே கழியின் நீர் கெடுவதும் தேறுவதும் அவர்கள் உலையில் அரிசி வேவதோடு தொடர்புடைய செய்தியாகும்.

குழாய் முனை விதி

கழிவுநீரின் கேட்டை அளக்க வழங்கும் முதன்மையான அளவை உயிரியல் பிராணவாயுத் தேவை என்பர். நீரிலுள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது எவ்வளவு பிராணவாயுவை உண்கின்றன என்பதே அது. இந்தியாவில் 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்து இதனைக் கணிக்கின்றனர்.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட பொது விதிகளின்படி, ஆறு, ஏரி முதலிய உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் இவ்வளவு லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. கடற்கரை நீரில் விடுவதாயின் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். கடல் பெரிது, கலந்து மறைந்துவிடும் என்பதே இவ்வேறுபாட்டின் அடிப்படை. திறந்த கடலைப் பொறுத்தவரை இதில் நியாயம் உண்டு. மும்பையின் மேற்குக் கரையில் வொர்லியிலிருந்து 1999-லும், பாந்திராவிலிருந்து 2003-லும் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குக் கடலடியில் குழாய் இட்டு நகரச் சாக்கடை நீரை வெளியேற்றத் தொடங்கியதும் இக்கருத்தைக் கொண்டேயாம். ஆனால் கோவண்டிக்குக் கிழக்கே உள்ளது திறந்த கடலன்று. ஒருபுறம் ஏறக்குறைய அடைபட்ட கழி. பெயரளவில் கடலாகவும் இயல்பளவில் குளமாகவும் இருக்கும் நீர்நிலைக்குக் கடலின் விதியைப் பொருத்துவது தகாது.

இவ்விதியில் மற்றொரு குறையும் உண்டு. அது செறிவைக் கூறுகிறதேயன்றிச் சுமையைக் கூறுவதில்லை. ஓர் ஆலை நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கழிவுநீரை லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற அளவில் விடுவதாகக் கொள்வோம். கழிக்குள் சேரும் சுமை நாளொன்றுக்கு 1,000 கிலோகிராம். அதே ஆலை நல்ல நீரை இருமடங்காகச் செலவிட்டு, இரண்டு கோடி லிட்டரை 50 மில்லிகிராமில் விடுமாயின் குழாய் முனையில் எண் பாதியாகும். கழியின் சுமையோ அதே 1,000 கிலோகிராம்தான். மாறாக, நீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஆலையில் வெளியேறும் நீர் குறையும், செறிவு கூடும், சுமை பெரும்பாலும் குறையும். செறிவை மட்டும் நோக்கும் விதி, சிக்கனம் செய்தவனைக் கடிந்து, நீரை விரயம் செய்தவனைப் பாராட்டும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 2008-இல் வந்த விதிகள் இதனை உணர்ந்தவை. 1,000 டன் கச்சா எண்ணெய்க்கு இத்தனை கிலோகிராம் என்று சுமையின் வரம்பையும் அவை சேர்த்துக் கூறின. ஒரு தொழிலுக்குப் பொருந்திய நல்லறிவு ஏனைய தொழில்களுக்கும் பொருந்த வேண்டும்.

அம்மோனியாவின் நிலையும் சிந்தித்தற்குரியது. பொது விதி லிட்டருக்கு 50 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை அனுமதிக்கிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ நாலரைக் கிராம் பிராணவாயு தேவை. அங்ஙனமாயின் 50 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் 225 மில்லிகிராமுக்கும் மிகையான பிராணவாயுவை வேண்டும். கரிமப் பொருளுக்கு விதித்த 100 மில்லிகிராம் வரம்பைப் போல் இது இருமடங்கிற்கும் மேல். இத்தேவையிற் பெரும்பகுதி மூன்று நாள் சோதனையில் வெளிப்படுவதுமில்லை. ஆதலின் கரிமப் பொருளை மட்டும் நீக்கும் சுத்திகரிப்பு, சோதனைத் தாளில் முழு வெற்றியாகத் தோன்றி, கழியில் பாதி வெற்றியாகவே நிற்கக்கூடும்.

கழியின் கையிருப்பு

கடல் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவே கழியின் கையிருப்பு. 30 பாகை வெப்பமுள்ள கடல் நீர் நிறைவுற்ற நிலையிலும் லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் பிராணவாயுவையே தாங்கும். 10 பாகையில் உள்ள நன்னீரோ 11 மில்லிகிராம் தாங்கும். குளிர்நாட்டு ஆறுகளுக்குள்ள செல்வம் நம் கழிகளுக்கு இல்லை. குளித்தலுக்கும் மீன்பிடித்தலுக்கும் உரிய கடற்கரை நீரில் குறைந்தது 4 மில்லிகிராம் இருக்க வேண்டுமென்று நமது விதிகள் கூறுகின்றன. எனவே செலவிடத்தக்கது லிட்டருக்கு 2 மில்லிகிராம் மட்டுமே.

இனி, கழியில் விட்ட நீர் எத்தனை நாள் தங்குகிறது என்பதைக் காண்போம். ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். ஒரு நீர்நிலையில் நூறு பங்கு நீர் இருக்க, ஒவ்வோர் இறக்கத்திலும் 40 பங்கு வெளியேறி, ஏற்றத்தில் 40 பங்கு புதுக் கடல் நீர் வருமாயின், முதல் நாள் விட்ட அழுக்கில் ஆறு ஓதங்களுக்குப்பின் 5 விழுக்காடே எஞ்சும். ஆனால் வெளியேறிய நீரில் பாதி கழியின் வாயிலேயே நின்று மறுஏற்றத்தில் திரும்பி வருமாயின், 26 விழுக்காடு எஞ்சும். சிற்றோத நாட்களில் 20 பங்கே வெளியேறி அதிலும் பாதி திரும்புமாயின், 53 விழுக்காடு எஞ்சும். ஆறு ஓதங்கள் என்பது ஏறத்தாழ மூன்று நாள். பிராணவாயுத் தேவைக்கான சோதனையும் மூன்று நாளே! குப்பியில் நடக்க வேண்டிய சோதனை அஷ்டமி நாட்களில் கழிக்குள்ளேயே நடந்து முடிகிறது என்பது இதன் பொருள். இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவை. தாணே கழியின் ஒவ்வொரு பகுதிக்கும் உண்மையான பங்கு எது என்பதைக் கணித மாதிரியே கூறல் வேண்டும்.

கணித மாதிரி என்பது யாது?

கணித மாதிரி என்பது மந்திரமன்று. அது ஒரு வரவு செலவுக் கணக்கு. கழியைப் பல சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் வந்த நீர், சென்ற நீர், விழுந்த சுமை, உண்ணப்பட்ட பிராணவாயு, காற்றிலிருந்து கரைந்த பிராணவாயு ஆகியவற்றை நிமிஷந்தோறும் எழுதி வருவதே அதன் பணி. 1925-இல் அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்டிரீட்டர், பெல்ப்ஸ் என்னும் இருவர், கழிவுநீர் விழுந்த இடத்திற்குக் கீழே பிராணவாயு எவ்வாறு தாழ்ந்து மீண்டும் எழுகிறது என்பதற்குச் சமன்பாடு வகுத்தனர். இன்று கணிப்பொறிகளில் இயங்கும் மாதிரிகளுக்கு அதுவே மூதாதை.

ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலைக்கு இம்முறை பயன்பட்டமைக்குத் தேம்ஸ் நதி சான்று. 1957-இல் லண்டன் நகரையொட்டிய அந்நதிப் பகுதி உயிரற்றதெனக் கருதப்பட்டது. பல்லாண்டுகள் அளவெடுத்து, ஒவ்வொரு கழிவும் பிராணவாயுவை எவ்விடத்தில் எவ்வளவு தாழ்த்துகிறது என்று கணக்கிட்டு, பிரிட்டிஷ் நீர் மாசு ஆராய்ச்சிக்கூடம் 1964-இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. எந்நிலையத்தைச் சீர்செய்தால் எவ்வளவு பயன் என்பது எண்களால் விளங்கிற்று. பெக்டன், கிராஸ்னஸ் நிலையங்கள் விரிவாக்கப்பட்டன. 1974-இல் தேம்ஸில் மீண்டும் சால்மன் மீன் அகப்பட்டது. அங்கு பணம் செலவிடப்பட்டதால் மட்டும் நதி தேறவில்லை; எங்கே செலவிட வேண்டுமென்று முன்னரே கணக்கிட்டதால் தேறியது.

நம் நாட்டிலும் இதற்கான அறிவுக்குப் பஞ்சமில்லை. புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் 1916-இல் தொடங்கிய மரபு உடையது. 1958-இல் நாகபுரியில் நிறுவப்பட்டு இன்று தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் பெற்றுள்ள அமைப்பின் விஞ்ஞானிகள் மும்பையின் மேற்குக் கரையிலுள்ள மலாட் கழிக்கு நீரோட்டக் கணக்கு செய்துள்ளனர். கடற்கரை நீரைக் கண்காணிக்க 1991 முதல் மத்திய அரசின் திட்டம் நடந்து வருகிறது. சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. அறிவு உண்டு, அனுமதி வழங்கும் மேசைக்கு அவ்வறிவு கட்டாயமாக வந்து சேர்வதில்லை என்பதே குறை.

மறுப்புகளும் விடைகளும்

கணித மாதிரி வெறும் ஊகமே என்பார் சிலர். பொய்யான எண்களை இட்டால் அது பொய்யே கூறும் என்பது உண்மை. அதற்குப் பரிகாரம் உண்டு. ஒரு பருவத்தின் அளவுகளைக் கொண்டு மாதிரியைச் சரிசெய்து, அதற்குக் காட்டாத வேறொரு பருவத்தின் அளவுகளைக் கொண்டு சோதிக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் சரிபார்த்த மாதிரி மே மாதத்துக் கழியைப் பற்றிப் பேசத் தகுதியற்றது.

ஆலைகளைக் குறை கூறவே இம்முயற்சி என்று அஞ்சுவாரும் உளர். கணக்கு எவர் பக்கமும் சாராது. கழியின் கேட்டில் பெரும்பங்கு நகரச் சாக்கடையினுடையது என்று அது காட்டினும் காட்டலாம். குப்பை மேட்டின் கசிவை நோக்கிக் கை நீட்டினும் நீட்டலாம். இன்றுள்ள நிலையில் ஆலை மாநகராட்சியையும், மாநகராட்சி குடிசைவாசியையும் குறை கூறிக் காலம் கழிகிறது. பங்கு பிரித்துக் காட்டும் கணக்கு வந்தாலன்றி இவ்வழக்கு முடியாது.

2023 ஜனவரியில் மும்பைக்கு ஏழு புதிய சாக்கடைநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவற்றுள் காட்கோபரும் பாண்டுப்பும் தாணே கழியை ஒட்டியவை. அவை முழு அளவில் இயங்குவதற்கு முன்னைய நிலையையும் பின்னைய நிலையையும் முறையாக அளந்துவைத்தால், சாக்கடையின் பங்கு எது, ஆலைகளின் பங்கு எது என்று பிரித்தறிய அரியதொரு வாய்ப்புக் கிட்டும். முன்னைய அளவைத் தவறவிட்டால் பின்னர் எவ்வளவு பொருள் கொடுத்தும் அதனைப் பெற இயலாது.

பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றனவே, கழி கெட்டது என்பது எங்ஙனம் என்று வினவுவாரும் உண்டு. கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் தாணே கழி இடம்பெற்றது. இவை மகிழ்ச்சிக்குரியன. ஆனால் சிறு பூநாரையின் முக்கிய உணவு நுண்பாசி. நைட்ரஜனும் பாஸ்பரசும் மிக்க நீரில் பாசி செழிக்கும். எனவே பறவையின் வருகை நீரின் தூய்மைக்குச் சான்றாகாது. பறவைக்கு உணவாகும் பாசியே இரவில் பிராணவாயுவை உண்டு மீனுக்குக் கேடாதலும் கூடும்.

களப்பணியாளரும் ஆசிரியரும்

இக்கணக்கிற்கு வேர் களப்பணியாளரின் குறிப்பேட்டில் உள்ளது. சோதனை நீர் எடுத்த நாளை எழுதி, ஓதத்தின் நிலையை எழுதாது விட்டால் அவ்வெண்ணால் பயனில்லை. நண்பகலில், உயர்நீரில் எடுத்த நீர் கடலின் புகழைப் பாடும். பாசி வெயிலில் உமிழ்ந்த பிராணவாயுவும் அதனோடு சேர்ந்துகொள்ளும். சிற்றோத நாளில், விடியற்காலையில், நீர் முற்றும் இறங்கிய வேளையில் எடுத்த நீரே கழியின் துன்பத்தைக் கூறும். அவ்வேளையில் சேற்றில் இறங்கிச் செல்வது எளிதன்று; ஆயினும் மீனும் நண்டும் பிழைப்பதும் மடிவதும் அவ்வேளையிலேயே. இடம், ஆழம், வெப்பம், உப்பின் அளவு, ஓதத்தின் நேரம் ஆகிய ஐந்தும் ஒவ்வொரு குப்பிக்கும் எழுதப்பட வேண்டும். பிராணவாயுச் சோதனைக்குரிய குப்பியில் காற்றுக் குமிழி புகாது நீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். ஆய்வுக்கூடம் போய்ச் சேர்க்கலாம் என்று தாமதிப்பின், வழியிலேயே அளவு மாறிவிடும்.

2014 முதல் கேடு மிகுந்த 17 வகை ஆலைகள் குழாய் முனையில் இடையறாது அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டுமென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பணித்துள்ளது. இது நற்செயல். கழியினுள்ளும் அத்தகைய கருவிகள் சில நிற்குமாயின், குழாய் சொல்வதையும் கழி சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. மேலே கூறிய ஓதக் கணக்கை வகுப்பில் ஒரு வாளியும் சிறிது மையும் கொண்டு செய்து காட்டலாம். பத்துக் குவளை மை நீரில் நான்கைப் பிறிதொரு பாத்திரத்தில் எடுத்து, நான்கு குவளை நல்ல நீரை ஊற்றி, ஆறு முறை செய்க. பின்னர் மற்றொரு வாளியில், எடுத்த நான்கில் இரண்டைத் திரும்ப ஊற்றி, இரண்டு மட்டும் நல்ல நீர் சேர்த்து ஆறு முறை செய்க. இரு வாளிகளின் நிறத்தையும் மாணவர் ஒப்பிடட்டும். மும்பையின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பயிலும் சிறுவருக்கு இது தொலைதேசத்துப் பாடமன்று. தம் வீட்டிற்குப் பின்னால் நடப்பதன் விளக்கம். எண்ணூர்க் கழியருகே பயிலும் மாணவர்க்கும் இது அவ்வாறே பொருந்தும்.

செய்யத்தக்கன

கடற்கழியில் கழிவுநீர் விட அனுமதி கேட்கும் ஒவ்வோர் ஆலையின் விண்ணப்பத்தையும் தனியே நோக்காது, அக்கழியில் விழும் அனைத்துச் சுமைகளோடும் சேர்த்து நோக்குதல் வேண்டும். அனுமதி, செறிவை மட்டுமன்றி நாளொன்றுக்கு இத்தனை கிலோகிராம் என்னும் சுமையையும் குறித்தல் வேண்டும். அவ்வெண்ணைக் கழியின் மிக நலிந்த வேளையை, அதாவது மழையற்ற மாதத்துச் சிற்றோதத்தை, அடிப்படையாகக் கொண்டு கணித மாதிரி தருதல் வேண்டும். மாதிரியும் அதற்கு அடிப்படையான அளவுகளும் மறைத்து வைக்கப்படாமல், மீனவர் சங்கமும் பள்ளி ஆசிரியரும் கேட்டுப் பெறும் வகையில் வெளியிடப்பட வேண்டும்.

கோவண்டிக் கரையில் நீர் இறங்கும் வேளையில் நிற்பவர், கழியின் நீர் கடலை நோக்கிச் செல்வதைக் காண்பர். ஆறு மணி நேரத்தில் அதில் ஒரு பகுதி அதே கரைக்குத் திரும்பி வருகிறது. எவ்வளவு திரும்புகிறது என்று கணக்கிட்டறிந்த பின்னரே எவ்வளவு விடலாம் என்பதை முடிவு செய்தல் முறையாகும்.